கிடப்பில் கிடந்த புதையல்: டெல்டாவுக்கு வந்த இரண்டு சின்னக் கம்பெனிகளின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் வரிசை மாற்றியும் இருக்கிறோம்.)



சுவாமிமலையில சாமி சிலை வார்க்கிற பட்டறைக்குள்ள போயிருக்கீங்களா? முதல்ல மெழுகுல உருவம் செய்வாங்க. அது மேல காவிரி வண்டல் மண்ணைக் குழைச்சுப் பூசுவாங்க. காய்ந்ததும் சூடு காட்டினா மெழுகு உருகி ஓடிடும், உள்ளே வெற்றிடம் நிற்கும். அதுக்குள்ள உலோகத்தை ஊத்துவாங்க. மெழுகோட ஒவ்வொரு கோடும் உலோகத்துல அப்படியே விழும். அவ்வளவு நைசான மண் அது.

ஆனா அந்தச் செம்பு எங்கிருந்து வருது? சோழர் காலத்திலும் சரி, இன்றைக்கும் சரி, வெளியூர்லேருந்துதான். டெல்டா முழுக்க ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். செம்பு, ஈயம், துத்தநாகம் எதுவும் இந்த மண்ணில் கிடையாது. தமிழ்நாட்டில் அந்த மூன்றும் கலந்த ஒரு சின்னப் படிவு பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மாமண்டூரில் உண்டு. துளை போட்டுப் பார்த்தார்கள். பெரிய சுரங்கமாக அது வளரவில்லை.

அப்படிப்பட்ட டெல்டாவுக்காக 2020-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. அங்கே என்னென்ன தொழில் புதிதாக வரக்கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. துத்தநாக உருக்காலை, செம்பு உருக்காலை, அலுமினிய உருக்காலை எல்லாம் அதில் உண்டு. கூடவே எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு.

பத்து வருஷத்துக்கு முன்னால இப்படி ஒரு சட்டம் வரும்னு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க. எப்படி வந்தது? அதுதான் இன்றைய கதை. இதில் இரண்டு கம்பெனிகள் வருகின்றன. இரண்டுமே பெரிய கம்பெனிகள் இல்லை.

ஜூனியர் கம்பெனி என்றால்

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சுரங்கத் தொழிலில் 'ஜூனியர்' என்று ஒரு வகைக் கம்பெனி உண்டு. பெரிய கம்பெனிகள் எப்போதோ துளை போட்டுப் பார்த்து, 'இது சின்னது, ஆழத்துல இருக்கு, இப்போதைய விலைக்குக் கட்டாது' என்று விட்டுப்போன செம்பு, துத்தநாகப் படிவுகளின் உரிமையை இவர்கள் குறைந்த விலைக்கு வாங்குவார்கள். பழைய ஆய்வு அறிக்கையைத் தூசி தட்டி எடுப்பார்கள். டொரண்டோவிலோ பெர்த்திலோ பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டி, இன்னும் நாலு துளை போடுவார்கள். கையிருப்பு கூடினால் பங்கு விலை ஏறும். பிறகு தாங்களே தோண்டலாம், இல்லை பெரிய கம்பெனிக்கு விற்றுவிடலாம்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. பெரியவர்கள் கவனிக்காமல் விட்டதைச் சின்னவர்கள் எடுத்து வேலை செய்வது எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆனால் இந்தத் தொழிலுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. அது ஓடுவது அடுத்தவர் பணத்தில். அந்தப் பணம் ரொம்ப நாள் காத்திருக்காது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

டெல்டாவில் உலோகம் இல்லை, ஆனால் அடியில் வேறு சரக்கு இருக்கிறது. மேலே வண்டல், அதற்குக் கீழே மணலும் களிமண்ணும் மாறி மாறி, அந்த மணல் அடுக்குகளில் தண்ணீர். இன்னும் கீழே பழுப்பு நிலக்கரி. அதற்கும் கீழே எண்ணெய், எரிவாயு.

நெய்வேலி சொன்ன பாடம்

பழுப்பு நிலக்கரி கதை 1930-களில் ஆரம்பிக்கிறது. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்குழாய் போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதை அவர் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது.

நெய்வேலியில் முதலில் சண்டை போட வேண்டியிருந்தது தண்ணீரோடுதான். நிலக்கரி அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. அதை இறைக்காமல் மேலே தோண்டினால் சுரங்கத்தின் அடித்தரையே பொங்கி உடைந்துவிடும். அதனால் இராப் பகலாக இறைக்க வேண்டும். இன்று வரை இறைக்கிறார்கள். நிலக்கரியும் நிலத்தடி நீரும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, ஒன்றைத் தொடாமல் மற்றதை எடுக்க முடியாது. இந்த மண் சொன்ன முதல் பாடம் இது.

பிறகு புவியியல் ஆய்வுகள் தெற்கே நகர்ந்தபோது மன்னார்குடிப் பக்கம் நெய்வேலியைவிடப் பல மடங்கு பெரிய படிவு தெரிந்தது. இந்தியாவின் மொத்தப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ 80 சதவீதம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அதிலும் பெரும்பங்கு மன்னார்குடி வயலில். ஆனால் யாரும் தோண்டவில்லை. காரணம் எளிது: ரொம்ப ஆழம், மேலே தண்ணீர், அதற்கும் மேலே நெல்லும் ஊர்களும். ஆக, கண்ணில் படாமல் கிடந்த புதையல் இல்லை இது. பார்த்து, கணக்குப் போட்டு, கட்டாது என்று விட்டது.

மன்னார்குடி: முதல் கம்பெனி

2000-க்குப் பிறகு கணக்கு மாறுகிறது. நிலக்கரியைத் தோண்டாமல் அதில் ஒட்டியிருக்கும் மீத்தேனை மட்டும் எடுக்கும் முறையை அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பெரிய அளவில் செய்துகாட்டின. இந்தியா வயல்களை ஏலம் விட ஆரம்பித்தது. கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் மேற்கு வங்கத்து ராணிகஞ்சில் கிணறுகள் போட்டு, 2007-ல் இந்தியாவிலேயே முதல்முறையாக நிலக்கரிப் படுகை மீத்தேனை வணிக ரீதியாக விற்றது. லண்டன் பங்குச் சந்தையில் பணம் திரட்டிய கம்பெனி. ஓ.என்.ஜி.சி.க்குப் பக்கத்தில் நிறுத்தினால் சின்னது.

நான்காவது சுற்று ஏலத்தில் மன்னார்குடி வயல் இந்தக் கம்பெனிக்குக் கிடைத்தது. 2010 ஜூலையில் மத்திய அரசோடு ஒப்பந்தம். 2011 ஜனவரியில், அப்போதைய தி.மு.க. ஆட்சியில், மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களில் 650 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. அடியில் கிட்டத்தட்ட 1 டிரில்லியன் கன அடி வாயு இருக்கலாம் என்று மதிப்பீடு.

அந்த 650 சதுர கிலோமீட்டர்ல எத்தனை வாய்க்கால், எத்தனை ஊர், எத்தனை கடைமடை! அங்கே இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த ரெண்டு கையெழுத்தும் அப்போ தெரியாது.

ஏன் கேட்கவில்லை? நம் நாட்டில் பட்டா இருந்தால் மேல் மண்தான் உங்களுடையது. அடியில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் உங்களுடையது இல்லை. எந்த வயலை யாருக்குக் கொடுப்பது என்பது மத்திய அரசின் ஏலம். ஆனால் நிலப்பரப்பில் துளை போடும் உரிமமும் எடுக்கும் குத்தகையும் மாநில அரசு தர வேண்டும். இந்த இரண்டாவது கையெழுத்துதான் கதையின் திருப்பம். அதுக்கு அப்புறம் வருவோம்.

பம்புசெட்காரர் கேட்ட கேள்வி

மீத்தேன் எப்படி வெளியே வருகிறது? நிலக்கரிக்குள் வாயு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துவைத்திருப்பது தண்ணீரின் அழுத்தம். தண்ணீரை இறைத்தால் அழுத்தம் குறையும், வாயு விடுபட்டுக் குழாய் வழியே மேலே வரும். அதாவது முதல் வேலை தண்ணீர் இறைப்பது.

இதை ஒரு விவசாயியிடம் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: 'எவ்வளவு நாளுக்கு இறைப்பீங்க? அந்தத் தண்ணியை எங்க விடுவீங்க?'

கேள்வி வந்த நேரத்தையும் பாருங்கள். மேட்டூர் அணை 1934-ல் வந்தது. ஜூன் 12-ல் திறந்தால் குறுவை நன்றாக இருக்கும் என்பது டெல்டாவின் காலண்டர். 2012-ல் அணை திறந்தது செப்டம்பரில். அதிலிருந்து 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் தண்ணீர் வரவே இல்லை. அந்த எட்டு வருஷமும் குறுவை போட்டவர்கள் நம்பியது போர் தண்ணீரைத்தான். ஆற்றில் தண்ணீர் இல்லாத அதே காலத்தில், நிலத்தடி நீரை இறைத்து வாயு எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தால் எப்படி இருக்கும்?

கம்பெனி தரப்பு வாதத்தையும் சொல்லணும். நாங்க எடுக்கிறது ரொம்ப ஆழத்துத் தண்ணி, உங்க போர் தண்ணி வேற அடுக்கு. குழாயைச் சுத்தி சிமெண்ட் போட்டு அடைச்சுடுவோம். கிணறுக்குத் தேவைப்படுற நிலம் கொஞ்சம்தான். நாடு வாயுவை இறக்குமதி பண்ணுது, இங்கேயே கிடைச்சா எல்லோருக்கும் நல்லது. ராணிகஞ்சில் வேலை நடப்பதையும் காட்டினார்கள். பொய் என்று தள்ளக்கூடிய வாதம் இல்லை. ஆனால் ராணிகஞ்ச் நூற்றாண்டுகளாக நிலக்கரி வெட்டும் ஊர், அங்கே இருப்பது கெட்டியான கருநிலக்கரி. மன்னார்குடியில் இருப்பது மென்மையான பழுப்பு நிலக்கரி. கடல் பக்கத்தில், உப்புநீர் உள்ளே ஏறும் ஆபத்து ஏற்கெனவே இருக்கும் இடம். ஒரு இடத்துக் கணக்கை இன்னொரு இடத்துக்கு அப்படியே கொண்டுவர முடியுமா? இதுதான் கேட்கப்பட்டது.

கேட்டவர்களில் முக்கியமானவர் நம்மாழ்வார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர், வேளாண்மை படித்து அரசுப் பண்ணை வேலையை விட்டு வந்தவர். 2013-ல் ஊர் ஊராகப் போய் மீத்தேன் என்றால் என்ன என்று மர நிழலிலும் கோயில் வாசலிலும் உட்கார்ந்து பேசினார். பல கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். அந்தப் பயணத்தின் நடுவில், 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் அவர் இறந்துபோனார்.

அதே ஆண்டு ஜூலையிலேயே ஜெயலலிதா அரசு திட்டத்தை நிறுத்திவைத்து, நிபுணர் குழு ஒன்று போட்டிருந்தது. அந்தக் குழுவின் அறிக்கையை வைத்து, 2015 அக்டோபரில் மாநில அரசு திட்டத்துக்கு அனுமதி இல்லை என்று முடிவாகச் சொன்னது. அந்த இரண்டாவது கையெழுத்து கிடைக்கவில்லை. மன்னார்குடியில் மீத்தேன் எடுக்கும் வேலை நடக்கவே இல்லை.

நெடுவாசல்: இரண்டாவது கம்பெனி

மன்னார்குடிக்குக் கதவு மூடிய அதே 2015 அக்டோபரில் டெல்லியில் இன்னொரு கதவு திறந்தது. 'கண்டறியப்பட்ட சிறு வயல்கள்' என்று ஒரு கொள்கை. ஓ.என்.ஜி.சி.யும் ஆயில் இந்தியாவும் எப்போதோ கண்டுபிடித்து, எடுக்காமல் வைத்திருந்த வயல்கள் 67. ஏன் எடுக்கவில்லை? அளவு சின்னது, தனியாக ஒதுங்கிக் கிடக்கிறது, செலவு கட்டாது. அவற்றைத் தொகுத்து 2016-ல் ஏலம் விட்டார்கள். இந்தத் துறையில் முன் அனுபவம் இல்லாதவர்களும் ஏலம் கேட்கலாம். கூடவே, ஒரே உரிமத்தில் எண்ணெய், வாயு, மீத்தேன், ஷேல் எதுவானாலும் எடுக்கலாம் என்ற விதியும் வந்தது.

நான் முன்னாடி சொன்ன ஜூனியர் கம்பெனி கதை ஞாபகம் இருக்கா? பெரியவங்க விட்டதைச் சின்னவங்க எடுக்கிறது. இங்க அதை அரசாங்கமே திட்டமாப் போட்டுச்சு.

2017 பிப்ரவரி 15. மத்திய அமைச்சரவை 31 பகுதிகளை ஒதுக்கியது. அதில் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல். கிடைத்தது கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் என்ற நிறுவனத்துக்கு. மறுநாளே ஊரில் போராட்டம் ஆரம்பம்.

நெடுவாசல் ஆற்றுப் பாசனத்துக்குப் பெயர்போன ஊர் இல்லை. ஆழ்குழாய்க் கிணறு வைத்து நெல்லும் தென்னையும் வாழையும் பூவும் போடும் பூமி. கிணற்றுத் தண்ணீர்தான் எல்லாம். ஓ.என்.ஜி.சி. ஏற்கெனவே துளை போட்டுப் பார்த்துவிட்டுப் போன இடங்கள் அந்த வட்டாரத்தில் இருந்தன. அப்போது பெரிதாகக் கேள்வி எழவில்லை. இப்போது எழுந்தது. நடுவில் மன்னார்குடி நடந்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்திருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள். முதல் கட்டம் 22 நாள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு நிறுத்தினார்கள். மார்ச் 27-ல் டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானதும், ஏப்ரலில் மறுபடி பந்தல் போட்டு நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள்.

அந்தக் கம்பெனி நெடுவாசலில் ஒரு கிணறுகூடப் போடவில்லை.

பெரிய கம்பெனி என்ன ஆனது?

இங்கே நிறுத்தினால் இது ஒரு வெற்றிக் கதை. ஆனால் வரலாறு அப்படி நேர்கோட்டில் போகாது.

ஓ.என்.ஜி.சி. காவிரிப் படுகையில் 1960-களிலிருந்து இருக்கிறது. காரைக்கால் பக்கம் ஆழ்துளை போட்டுத் தொடங்கினார்கள். 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993-ல் நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. குத்தாலம், அடியக்கமங்கலம், கமலாபுரம் என்று வயலுக்கு நடுவே கிணறுகள். டெல்டாக்காரர்களுக்கு இராத்திரியில் தூரத்தில் எரியும் வாயுச் சுடர் புதுக் காட்சி இல்லை.

2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் ஒன்றில் கசிவு ஏற்பட்டது. மக்கள் கூடினார்கள், மாவட்ட நிர்வாகம் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். போலீஸ் தடியடி, கைது. அங்கேயும் பல மாதம் போராட்டம். ஆனால் ஓ.என்.ஜி.சி. போகவில்லை.

இப்போது அந்தப் பலவீனத்துக்கு வருவோம். சின்னக் கம்பெனிக்குக் காத்திருக்க முடியாது. ஐந்து வருஷம் உரிமம் வரவில்லை என்றால் முதலீட்டாளர் கிளம்பிவிடுவார். பெரிய அரசு நிறுவனம் காத்திருக்கும். அதற்குப் பழைய குத்தகை இருக்கிறது, ஓடும் கிணறு இருக்கிறது. டெல்டா மக்கள் இரண்டு சின்னக் கம்பெனிகளை நிறுத்தினார்கள். பெரியதை நிறுத்த முடியவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வரலாறு நேர்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சட்டம் வந்த விதம்

2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியைத் திருத்தியது. எண்ணெய், எரிவாயு ஆய்வுத் துளைகளுக்கு இனி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றது. டெல்டா மறுபடி கொதித்தது. பிப்ரவரி 9 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகும் என்று அறிவித்தார். பிப்ரவரி 20 அன்று சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள் உள்ளே வந்தன. திருச்சி, கரூர், அரியலூர் வரவில்லை. இன்னொன்று: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைச் சட்டம் தொடாது.

முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம். செம்பே இல்லாத மண்ணுல செம்பு உருக்காலைக்குத் தடை எதுக்கு? உருக்காலைக்குத் தாது உள்ளூர்ல இருக்கணும்னு அவசியம் இல்லை. கப்பல்ல வரும். தண்ணியும் துறைமுகமும் போதும். 2018-ல் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூடு யாருக்கும் மறந்திருக்கவில்லை.

அதோடு முடிந்ததா? 2023 மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏலப் பட்டியலில் தஞ்சை மாவட்டத்து வடசேரி இருந்தது. அதே பழுப்பு நிலக்கரி. முதலமைச்சர் ஸ்டாலின் இந்தச் சட்டத்தைக் காட்டிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2011-ல் மீத்தேன் ஒப்பந்தம் போட்டது அவருடைய கட்சி ஆட்சிதான். ஏப்ரல் 8 அன்று வடசேரி உட்பட மூன்று தமிழ்நாட்டுப் பகுதிகளைப் பட்டியலிலிருந்து எடுப்பதாக மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். மன்னார்குடியில் வருஷக்கணக்கில் எடுத்த வேலை, வடசேரியில் பத்து நாளில் முடிந்தது. சட்டம் கையில் இருந்ததன் பலன் அது.

கடைசியா ஒரு வார்த்தை

'கவனிக்காமல் விடப்பட்ட படிவு' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். யார் கவனிக்கவில்லை? மன்னார்குடி நிலக்கரியும் நெடுவாசல் வாயுவும் தெரிந்தேதான் விடப்பட்டன. வாயு விலை, தொழில்நுட்பம், வரிச்சலுகை மாறியபோது கம்பெனிகளின் கணக்கு மாறியது. ஆழம், அளவு, செலவு எல்லாம் அந்தக் கணக்கில் இருந்தன. மேலே இருந்த மனிதர்களுக்கும் அவர்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் அதில் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தை அவர்களே போராடிப் போட்டுக்கொண்டார்கள். அதுதான் 2010-லிருந்து 2020 வரை டெல்டாவில் நடந்தது.

ஆனா ஒரு கேள்வி பாக்கி இருக்கு. சட்டம் எது வரக்கூடாதுன்னு சொல்லுது. நெல் கட்டுபடியாகுமா, கொள்முதல் நிலையத்துல மூட்டை நனையாம இருக்குமா, நிலமே இல்லாத விவசாயக் கூலிக்கு வருஷத்துல மீதி நாள் என்ன வேலைன்னு அது பதில் சொல்லலை. விவசாயம் கட்டுபடியானாதான் நிலம் விவசாயியிடம் நிற்கும். இல்லைன்னா அடுத்த கம்பெனி ஏலத்துல வர வேண்டியதில்லை, பத்திர ஆபீஸ் வழியாவே வரலாம்.

உங்க ஊர்ல இந்தப் போராட்டங்கள்ல கலந்துகிட்டவங்க இருந்தா, இல்ல எண்ணெய்க் கிணத்துல வேலை பார்த்தவங்க இருந்தா, அவங்க அனுபவத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.